மணிக்காரி நடந்து போனாளா?

என் மனைவி பதினொரு கட்டுரைகள் எழுதி வெளியிட்டாள். பன்னிரண்டாவது பாதியில் நின்றது. அவள் இருந்த காலத்தில் அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது எதற்கும் பொருளிருக்காது.

கட்டுரைகள் எல்லாமே ஒரு கற்பனைக் கதைத்தொடரைப் பற்றியவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு உலகெங்கும் வாசிக்கப்படும் தொடர் அது. ஏழு பாகங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள், ஆறு வந்திருக்கின்றன. விடுமுறைக்கு வந்த எங்கள் மகள் முதல் பாகத்தை வீட்டில் மறந்து விட்டுப்போனாள். ராமநாதபுரத்திலிருந்து தன் அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில் பொழுது போகட்டும் என்று என் மனைவி அதை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பின் பாகம் பாகமாக வாங்கினாள். தமிழ் வாசகர்கள் அந்தத் தொடரைப் பற்றி எழுதுவதற்கென்றே ஓர் இணையதளம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே எழுதவும் தொடங்கினாள்.

அவள் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு சிறிய துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். வாசலில் இருந்த கரும்பலகையில் அன்றாடம் காற்றின் திசையையும், கடல்நீர் ஏறும் நேரத்தையும், இறங்கும் நேரத்தையும் எழுதி வைப்பது அவள் வேலைகளில் ஒன்று. நான் கமுதிப் பக்கம், மிளகாயும் பருத்தியும் போடும் குடும்பம். படித்துக் கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். பழைய நூல்களின் சுவடிகளை ஒப்பிட்டு, எந்தப் பாடம் மூலபாடம் என்று தீர்மானிப்பது என் ஆய்வுத்துறை. ஒரு சொல்லுக்கு மூன்று சுவடிகளின் சான்று கேட்பவன் நான். அச்சில் வந்து பத்தாண்டுகூட ஆகாத கதையில், அதுவும் இல்லாத ஊரில், இல்லாத மனிதர்கள் இனி என்ன செய்வார்கள் என்று கட்டுரை எழுதுவதை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒருமுறை அவள் கேட்டாள்.

“ஒரு அஞ்சு நிமிசம் கேளுங்களேன். மூணாம் பாகத்துல ஒரு எடம் வருது. எனக்கு ஒரு சந்தேகம்.”

“இல்லாத ஊருக்கு எதற்குச் சந்தேகம்?” என்றேன்.

“ஆமா, ஒங்க நூல்ல வர்ற ஊருக்கெல்லாம் நீங்க பஸ் ஏறிப் போயிட்டு வந்துட்டீங்களாக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

மதுரை மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் இருந்தாள். நான்காம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, வீட்டில் மேசை இழுப்பறையில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னாள்.

“பன்னெண்டாவது கட்டுரை பாதியில நிக்குது. நீங்க முடிச்சுப் போட்டுருங்க.”

“நான் அந்தப் புத்தகத்தையே படித்ததில்லையே.”

“அதான் சொல்றேன். படிச்சிட்டு முடிங்க. அவசரமில்ல.”

சரி என்றேன். நோயாளியிடம் எல்லோரும் சொல்லும் ‘சரி’தான் அது. ஐந்து நாட்கள் கழித்து அது வேறு எடை கொண்டதாக ஆகிவிட்டது.

காரியங்கள் முடிந்து மகள் ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், அந்த இணையதளத்தை என் கணினியில் திறந்து, அம்மாவின் கணக்கில் எப்படி எழுதுவது என்று காட்டிக்கொடுத்தாள். கடைசிக் கட்டுரையின் கீழே பலர் எழுதியிருந்தார்கள். எங்கே போனீர்கள், அடுத்தது எப்போது, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா. கடைசியாக ஒருவர்: “லாத்தா, சண்டைக்கு ஆளில்லாமக் கெடக்குறேன். சீக்கிரம் வாங்க.” லாத்தா என்பது கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் அக்காவை அழைக்கும் முறை. வளைகுடா நாடொன்றில் சரக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவர் என்று மகள் சொன்னாள். அம்மாவின் பெரிய எதிரி என்றும் சொன்னாள்.

இரண்டு வரிகளில் செய்தியை எழுதினேன். எல்லோரும் இரங்கல் தெரிவித்தார்கள். அந்தக் கீழக்கரைக்காரரிடமிருந்து மட்டும் மூன்று நாட்கள் எதுவும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு வரி வந்தது: “சார், லாத்தா எழுதிட்டிருக்கேன்னு சொன்ன பன்னெண்டாவது கட்டுரை இருந்தாப் போடுங்க. நான் அதுக்கு இன்னும் பதில் சொல்லல.”

படிக்கத் தொடங்கினேன். ஆறு பாகங்களுக்கும் நான்கு மாதங்கள் ஆயின. நான் கதை படித்துப் பழகாதவன். அடிக்குறிப்பு இல்லாத பக்கத்தில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரிவதில்லை. ஆனால் அவள் பிரதியில் நிற்கும் இடங்கள் இருந்தன. அடையாளத்துக்குப் பேருந்துச் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தாள். முதலில் அவை படித்து நிறுத்திய இடங்கள் என்று நினைத்தேன். இரண்டாம் பாகத்தை முடிக்கும்போதுதான் கவனித்தேன்: சீட்டு செருகிய பக்கங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் வருகிறது. அலை, துறை, ஆழம், நுரை, நனைந்த துணி. ஆங்கில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் ‘வாடை’, ‘கச்சான்’, ‘கொண்டல்’ என்று நம் கரையின் காற்றுகளுக்குரிய பெயர்கள். முதல் பாகத்தின் முகப்பில் இருக்கும் கற்பனைத் தீவுகளின் வரைபடத்தில், மேல்பக்கக் கடலுக்கு ‘பெண் கடல்’ என்றும் கீழ்பக்கக் கடலுக்கு ‘ஆண் கடல்’ என்றும் எழுதியிருந்தாள். ராமேசுவரத்துக்கு வடக்கே அமைதியாகக் கிடப்பதையும் தெற்கே அடித்துக்கொண்டிருப்பதையும் எங்கள் பகுதியில் அப்படித்தான் சொல்வார்கள்.

அவள் கட்டுரைகளை அதன்பின் வரிசையாகப் படித்தேன்.

மூன்றாம் கட்டுரையை மட்டும் சொல்கிறேன். கதையில் ஒரு கப்பல் ஒரு தீவுக்குப் போக மூன்று நாட்கள் ஆகின்றன; அதே கப்பல் திரும்பி வர ஒரே நாள். ஆசிரியர் கணக்கில் சறுக்கிவிட்டார் என்று உலகத்து வாசகர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். என் மனைவி எழுதினாள்: “போகும் அத்தியாயத்தில் மாலுமி தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான். திரும்பும் அத்தியாயத்தில் அவன் தொப்பியைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிர்காற்றில் போனவனுக்குத்தான் தொப்பி நினைவுக்கு வரும். ஆசிரியருக்குக் கணக்குத் தெரியும். நமக்குத்தான் காற்றுத் தெரியவில்லை.”

நான் அந்தப் பத்தியை இரண்டாம் முறை படித்தேன். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாம் முறை படித்தேன். முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் நான் கேட்டுக் கிடைக்காத ஒழுங்கு அதில் இருந்தது. நூலுக்குள்ளிருந்தே சான்று, சான்றுக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒழுங்கோடு ஒருவர் என் வீட்டிலேயே, எனக்கு அடுத்த அறையில், மத்தியானங்களில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

பின்னூட்டங்களையும் படித்தேன். அங்கேதான் அவள் குரல் இருந்தது. கட்டுரைகளில் திருத்தமாக எழுதியவள் கீழே வந்து பேசுவதுபோலவே எழுதியிருந்தாள். அவளுக்கும் மற்ற வாசகர்களுக்கும் நடந்த பெரிய சண்டை மணிக்காரியைப் பற்றியது.

தொடரைப் படிக்காதவர்களுக்காக: மணிக்காரி என்பவள் ஒரு தீவின் கோபுரத்தில் மணியடிக்கும் நடுவயதுப் பெண். மூன்றாம் பாகத்தின் கடைசியில் அரசனின் வீரர்கள் அவளைத் துரத்துகிறார்கள். விடியும் நேரத்தில் அவள் கடலுக்குள் இறங்கிவிடுகிறாள். வீரர்கள் வந்து பார்க்கும்போது கரையில் ஒரு விளக்கும் ஒரு சோடிச் செருப்பும் இருக்கின்றன. அடுத்த மூன்று பாகங்களில் அவள் வருவதில்லை. அவள் இறந்துவிட்டாள் என்போர் ஒரு கட்சி. மந்திர சக்தியால் பிழைத்தாள் என்போர் இன்னொரு கட்சி. என் மனைவி மூன்றாவது கட்சி, அதில் அவள் ஒருத்திதான். மந்திரமும் இல்லை, சாவும் இல்லை, நீர் வற்றிய நேரத்தில் மணல்திட்டு வழியாக அடுத்த தீவுக்கு நடந்து போய்விட்டாள் என்பது அவள் வாதம்.

கீழக்கரைக்காரர் எழுதியிருந்தார்: “லாத்தா, அந்தப் பொம்பளை மவுத்தாயிட்டா. நீங்க எத்தனை கட்டுரை போட்டாலும் மய்யித்து எந்திரிச்சு நடக்காது.”

அவள் பதில்: “மய்யித்த எங்க தம்பி காட்டுனீக? ஒரு சோடிச் செருப்பத்தானே காட்டுறீக. எங்க கரையில உடம்பு ஒதுங்காம யாருக்கும் எழவு சொல்ல மாட்டோம்.”

“அப்ப மூணு பாகமா எங்கன இருக்காளாம்? டீக்கடை போட்டிருக்காளா?”

“போட்டா ஒங்களுக்குக் கடன் சொல்ல மாட்டா. எந்தப் பாகம், எந்தப் பக்கம்னு சொல்லிட்டு அப்புறம் பேசுங்க.”

எந்தப் பாகம், எந்தப் பக்கம். எல்லோரிடமும் எல்லாச் சண்டையிலும் அவள் இதைத்தான் கேட்டிருக்கிறாள். வகுப்பறையில் நான் கேட்கும் கேள்வி அது. அவள் அதை எங்கிருந்து எடுத்தாள் என்று யோசித்தேன். வீட்டில் நான் தொலைபேசியில் மாணவர்களிடம் கத்தியதைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பன்னிரண்டாவது கட்டுரை. ‘மணிக்காரி நடந்து போனாள்’ என்று தலைப்பிட்டு ஏழு பக்கங்கள் எழுதியிருந்தாள். மணல்திட்டு இருந்ததற்கு நான்கு சான்றுகள் கொடுத்திருந்தாள். பிறகு ஒரு கேள்வி: “துரத்தி வந்த வீரர்கள் மலைநாட்டவர் என்பதை ஆசிரியர் ஒரே அத்தியாயத்தில் மூன்று தடவை சொல்கிறார். ஏன்?” அதற்கு விடை எழுதவில்லை, அரைப்பக்கம் இடம் விட்டிருந்தாள். அடுத்து, நான்காம் பாகத்தில் ஒரு கிழட்டுப் பூசாரி போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரியை எடுத்துக்காட்டியிருந்தாள். மணியோசை நின்றுபோன அன்று வானத்தில் நிலா முழுசாக இருந்தது என்கிறார் அவர். அதன் கீழே ஒரு வாக்கியம்: “அன்று பௌர்ணமி.” நோட்டு அத்தோடு நின்றிருந்தது.

அந்த இடத்தில் நான் பத்து நாட்கள் நின்றேன்.

பௌர்ணமி அன்று கடல் பெருகும். இது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். கடல் பெருகியிருக்கும் நாளில் மணல்திட்டு மூழ்கியிருக்கும். மூழ்கிய திட்டில் யாரும் நடக்க முடியாது. ஆகவே பூசாரியின் அந்த ஒரு வரி என் மனைவியின் வாதத்தை முழுக்கச் சாய்த்துவிடுகிறது. அவள் அதைக் கண்டுகொண்டாள், கண்டுகொண்ட இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

என்ன செய்வது? அவள் கேட்டது முடித்துப் போடு என்பதுதான். ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. அந்த வரியை மறைத்துவிட்டு அவள் விரும்பிய முடிவை எழுதலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் சான்றை மறைத்தவனை நான் ஆய்வாளர் என்று ஒருநாளும் மதித்ததில்லை. அவள் கட்டுரையில் அதைச் செய்தால் பதினொரு கட்டுரைகளின் ஒழுங்கையும் நானே கெடுத்தவனாவேன். எனவே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். பௌர்ணமியன்று கடல் பெருகுமாதலால் திட்டு நீரில் மூழ்கியிருக்க வேண்டும் என்றும், கட்டுரையாசிரியர் தாமே திரட்டிய சான்று அவருடைய கொள்கைக்கு எதிராக அமைந்துவிட்டது என்றும், அதை ஒளிக்காமல் குறித்து வைத்தது அவருடைய நேர்மைக்குச் சான்று என்றும் எழுதினேன். நல்ல நடையில்தான் எழுதினேன். கணவன் என்ற சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

வெளியிட்ட மறுநாள் கீழக்கரைக்காரர் என் தொலைபேசி எண்ணைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பினார். கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல், ஜும்ஆ தொழுகை முடிந்து அழைத்தார்.

“சார், நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?”

“ஆயிற்று. சொல்லுங்கள்.”

“கட்டுரை படிச்சேன் சார். ஒங்க தமிழுக்கு நான் பக்கத்துல நிக்க முடியாது. ஆனா தப்பு.”

“எது தப்பு?”

“நீங்க எழுதுன பக்கம் பூராவும்.”

நாற்பது வயது இருக்கலாம், குரலில். எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. எந்த இடம் என்று கேட்டேன். அவர், “சாருக்குச் சொந்த ஊரு எது?” என்றார்.

“கமுதிப் பக்கம்.”

“அதானே பாத்தேன். கம்மாக்காரவுக.” சிரிப்பு கேட்டது. “ஒங்க ஊருக் கம்மா பெருகுனா என்ன சார் ஆகும்?”

“நிற்கும். மடை திறந்தால்தான் இறங்கும்.”

“கடலுக்கு மடை கெடையாது சார். பௌர்ணமிக்குப் பெருகுதுல்ல, அது அங்கனயே நிக்கும்னு நெனச்சுட்டீங்க. ஆறு மணி நேரத்துல எறங்கிரும். மத்த நாளு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் நெறைய ஏறி நெறைய எறங்கும். மாசத்துலயே அதிகமாப் பெருகுறதும் அன்னைக்குத்தான், அதிகமா வத்துறதும் அன்னைக்குத்தான். கடல்பாசி எடுக்கப் போற பொம்பளையக் கேளுங்க, அந்த நாளுக்குன்னே காத்துக்கெடப்பாங்க. லாத்தா அந்த வரியோட நிறுத்துனது தோத்துப்போயி இல்ல சார். அதான் அவுகளோட கடைசிச் சீட்டு. போட்டு ஜெயிக்க வச்சிருந்த சீட்ட எடுத்து நீங்க எங்கிட்டக் குடுத்துட்டீங்க.”

 அந்தத் துறைமுக அலுவலகத்தின் வாசலில் அவளை அழைத்துப்போக எத்தனையோ மாலைகள் நின்றிருக்கிறேன். எனக்கு நேர் எதிரே அந்தக் கரும்பலகை இருந்தது. ஏறும் நேரம், இறங்கும் நேரம், எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும், எல்லாம் அவள் கையெழுத்தில்.

“லாத்தா இதையெல்லாம் ஒங்ககிட்டச் சொன்னதில்லையா சார்?”

“நான் கேட்டதில்லை.”

 “அதனால என்ன மச்சான்,” என்றார் அவர். “இப்பக் கேட்டுட்டீங்கல்ல.”

அக்காளின் கணவனை அழைக்கும் முறையில்தான் அழைத்தார். அதுவரை சார் என்றவர், அன்றிலிருந்து மச்சான்தான். அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

தொலைபேசியை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன். “நான் எழுதியது உங்கள் கட்சிக்குத்தானே சாதகம்? சும்மா இருந்திருக்கலாமே.”

“தப்பா ஜெயிச்சா லாத்தா மூஞ்சில எப்படி முழிக்கிறது மச்சான்? அந்தப் பொம்பளை மவுத்துதான், அதுல மாத்தமில்ல. ஆனா அதுக்கு நான் வேற சாட்சி கொண்டாறேன். பௌர்ணமிய விட்டுருங்க.”

அவர் சொன்னதை நம்பாமல் இல்லை. என்றாலும் ஒரே ஒரு சாட்சியை வைத்து ஒரு பாடத்தை ஏற்றுக்கொள்வது என் வழக்கமில்லை. அடுத்த பௌர்ணமியன்று காலை முதல் பேருந்தில் உச்சிப்புளி போய், அங்கிருந்து ஆட்டோவில் புதுமடத்துக் கரைக்குப் போனேன்.

கடல் தூரத்தில் இருந்தது. கரையோரம் மிதக்க வேண்டிய வள்ளங்கள் ஈர மணலில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கும் அப்பால், கணுக்காலளவு நீரிலும் முழங்காலளவு நீரிலுமாகப் பெண்கள் குனிந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் வலைப்பை, விரல்களில் சுற்றிய துணி. மேடு பள்ளம் தெரிந்து, வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் நடந்தார்கள். பை நிறைந்து கரையேறிய ஒரு பெண்மணி, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து நின்றார்.

“என்னய்யா, எதையும் தொலைச்சிட்டீகளா?”

“இல்லம்மா. தண்ணி எவ்வளவு வத்துதுன்னு பாக்க வந்தேன்.”

அவர் பின்னால் வந்தவளிடம் திரும்பினார். “ஏடி, இங்கன பாரு. தண்ணி இல்லாததப் பாக்குறதுக்கு ஒருத்தரு பஸ் ஏறி வந்திருக்காரு.”

“எங்கள வந்து கேட்டா வீட்டுலயே சொல்லியிருப்போமே,” என்றாள் மற்றவள். “பௌர்ணமின்னா வத்தத்தான் செய்யும். இதுக்கு ஆபீசரு வரணுமா?”

நான் அதிகாரி இல்லை என்று விளக்கினேன். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. எவ்வளவு தூரம் நடந்து போகலாம் என்று கேட்டேன்.

“தெரிஞ்சவுகளுக்கு அந்தா அலை ஒடையுதே, அதுவரைக்கும் போலாம்,” என்று மூத்தவர் கையை நீட்டினார். “தெரியாதவுகளுக்கு, இந்தா நீங்க நிக்கிற எடம் வரைக்கும்தான்.”

அந்த வாக்கியத்தைக் கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டேன். ஒரு கட்டுரையில் சேர்க்கலாமா என்று அனுமதி கேட்டேன். பாசிக்கு விலை ஏற்றித் தருவதாயிருந்தால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு செருப்பைக் கழற்றி மணலில் வைத்தேன். கழற்றி வைத்த பிறகுதான் அது எங்கே வரும் செயல் என்று நினைவுக்கு வந்தது. சிறிது தூரம் உள்ளே நடந்தேன். நீர் கணுக்காலைத் தாண்டவில்லை, இளஞ்சூடாக இருந்தது. காலடியில் மணல் அலையலையாக இறுகிக் கிடந்தது. அவள் உடன் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. அவளுக்குத் தெரிந்த இடம் அது, நான் அங்கே நின்றேன், அவ்வளவு எழுதலாம். எனக்குத் தெரியாத ஆழம் தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிட்டேன்.

திரும்பும் பேருந்தில்தான் அந்த அரைப்பக்க வெற்றிடம் விளங்கியது. துரத்தி வந்த வீரர்கள் மலைநாட்டவர் என்பதை ஆசிரியர் ஏன் மூன்று தடவை சொல்கிறார்? மலைநாட்டான் ஏரியையும் குளத்தையும் கண்டவன். பௌர்ணமிக்குக் கடல் பெருகும் என்று கேள்விப்பட்டிருப்பான். பெருகியது இறங்கும் என்பது அவனுக்குத் தெரியாது. நீர் மறுபடி ஏறியபின் வந்து கரையில் விளக்கையும் செருப்பையும் பார்த்தவுடன், பெருகிய கடலில் விழுந்து செத்தாள் என்று முடிவு கட்டித் திரும்பிப்போவான். கடற்கரையில் பிறந்த வீரன் ஒருவன் கூட இருந்திருந்தால் முதலில் அன்று நீர் எப்போது வற்றியது என்று கேட்டிருப்பான். அவளை யாரும் தொடர்ந்து போகாததற்குக் காரணம் அந்த அறியாமைதான். இதற்குச் சான்று நூலுக்குள் போதாது என்று யாராவது சொன்னால், அப்படியொரு முடிவுக்கு ஒரு மனிதன், அதுவும் படித்த மனிதன், முழு நம்பிக்கையோடு வரக்கூடும் என்பதற்கு வெளிச்சான்று என்னிடம் இருந்தது. நானே எழுதி வெளியிட்டிருந்தேன்.

பன்னிரண்டாம் கட்டுரையை அப்படித்தான் முடித்தேன். வெற்றிடத்தில் அந்த விடையை எழுதினேன். “அன்று பௌர்ணமி” என்ற அவள் வாக்கியத்துக்குப் பின், “நீர் வெகுதூரம் வற்றியிருந்தது, வழி தெரிந்தவள் நடந்து போனாள்” என்று ஒரே வாக்கியத்தைச் சேர்த்தேன். புதுமடத்துப் பெண்மணியின் சொல்லை அடிக்குறிப்பில் கொடுத்தேன். என் பழைய முடிவுரையை நீக்கவில்லை. பிழைபட்ட பாடத்தையும் காட்டுவதே பதிப்பு முறை. ஆகவே அதைக் கட்டுரையின் இறுதியில் தனியே வைத்து, ‘இது கட்டுரையாசிரியரின் கணவர் எழுதியது, பிழை அவருடையது, கடல் அறியாதவர்’ என்று குறிப்பெழுதினேன்.

“நீங்க முடிச்சுப் போட்டுருங்க” என்று அவள் சொன்னபோது, அந்த அரைப்பக்கத்துக்கு என்னைப் போன்ற ஒருவன்தான் தேவை என்று எண்ணிச் சொன்னாளா? அதற்குச் சான்று கிடையாது. சான்றில்லாததை நான் எழுதுவதில்லை. ஆனால் ஒன்றை நன்றியோடு எழுதலாம். அவளுக்கு நான் கொடுக்காத ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்க, அவள் எனக்கு ஆறு பாகங்களையும் பதினொரு கட்டுரைகளையும் ஓர் எதிரியையும் விட்டுப்போயிருக்கிறாள். இந்த வயதில், இந்த வீட்டில், காலையில் எழுந்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. அது அவள் வேலை.

புதுமடம் போய்வந்த பேருந்துச் சீட்டை நான்காம் பாகத்தில், பூசாரி பேசும் பக்கத்தில் வைத்தேன். அங்கே ஏற்கனவே அவள் சீட்டு ஒன்று இருந்தது.

கட்டுரை வெளியான அடுத்த வெள்ளிக்கிழமை கீழக்கரைக்காரரின் பின்னூட்டம் வந்தது. “மச்சான், கட்டுரை முத்து. லாத்தா கட்டுரைக்குக் கொறச்சலில்ல. ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அவ செருப்பக் கழட்டிட்டுப் போயிருக்கா. வழி தெரிஞ்ச பொம்பளை முள்ளும் சிப்பியும் கெடக்குற திட்டுல வெறுங்காலோட நடப்பாளா? சாகப் போறவதான் செருப்பக் கழட்டி வைப்பா. ஆறாம் பாகத்துலயும் இதுக்குச் சாட்சி இருக்கு. என்ன சொல்றீக?”

நல்ல ஓட்டைதான். நான் நாள் முழுக்க யோசித்தேன். பாசி எடுத்த பெண்களின் காலில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், கவனிக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அமாவாசை அதற்கு முன்பே வரும். இப்போது எனக்கு அது தெரியும்.

ஆறாம் பாகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணினியில் அவள் பெயருக்குக் கீழே பதில் எழுதினேன்.

“எந்தப் பக்கம், தம்பி?”